டெல்டா இன்ஜினியரின் லிங்க்ட்இன் பக்கம்: செய்த வேலை வெளியூருக்கும் புரியும்படி எழுதுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமும் திருச்சியைச் சுற்றியும் வேலை பார்க்கும் இன்ஜினியர்களின் லிங்க்ட்இன் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆதங்கம்தான். செய்கிற வேலை பெரிதாக இருக்கிறது, எழுதியிருப்பதோ ஒன்றரை வரி. 'சைட் இன்ஜினியர், 2019 முதல் இன்றுவரை.' அவ்வளவுதான். அதே ஆள், மேட்டூர் அணையில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்குள் வாய்க்கால் வேலையை முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில், சித்திரை வெயிலில் நின்று மதகுக்குக் கான்கிரீட் போட்டவராக இருப்பார். தேதியைத் தள்ளிவைக்கவே முடியாத வேலை அது. தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.

பெங்களூரிலோ துபாயிலோ உட்கார்ந்து ஆள் தேடுகிறவருக்கு ஜூன் 12 என்றால் என்னவென்று தெரியாது. கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல் பகுதி, என்றால் தெரியாது. நாம் விளக்கி எழுதினால்தான் தெரியும். இந்தக் கட்டுரை அந்த விளக்கத்தை எப்படி எழுதுவது என்பதைப் பற்றியது. கணக்குத் தொடங்கிவிட்டு அப்படியே விட்டவர்கள், கடைசி வருஷ மாணவர்கள், பல வருஷ அனுபவம் இருந்தும் பக்கம் காலியாக இருப்பவர்கள், எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில் நோட்டு, அப்புறம் போன்

பக்கத்தைத் திறந்து நேராகத் தட்டச்சு செய்ய ஆரம்பிக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, இதுவரை பார்த்த வேலைகளைத் தமிழிலேயே எழுதுங்கள். எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு நீளம் அல்லது எத்தனை டன் அல்லது எத்தனை கேவிஏ, உங்கள் கையில் இருந்த பொறுப்பு எது, என்ன சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள். எம்-புக்கில் (முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏட்டில்) அளவு எழுதிப் பழகிய சிவில் இன்ஜினியருக்கு இது புதிதல்ல. பழைய சைட் டைரி, வாட்ஸ்அப்பில் மேலதிகாரிக்கு அனுப்பிய படங்கள், பில் நகல்கள், இவையெல்லாம் மறந்துபோன விவரங்களை ஞாபகப்படுத்தும்.

இன்னொரு முன்னேற்பாடும் உண்டு. லிங்க்ட்இன் அமைப்புகளில், நீங்கள் செய்யும் மாற்றங்களை உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கலாமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. எழுதி முடிக்கும்வரை அதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பழைய வேலை விவரத்தைத் திருத்தியதற்கெல்லாம் 'புதிய வேலைக்கு வாழ்த்துகள்' வந்து விழலாம். இப்போதைய ஆபீஸிலும் தேவையில்லாத பேச்சு கிளம்பும்.

பெயர், இனிஷியல், படம்

லிங்க்ட்இன் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். சிலர் ஊர்ப்பெயரைப் போடுகிறார்கள், சிலர் 'இன்ஜினியர்' என்றோ 'பி.இ.' என்றோ கடைசிக் கட்டத்தை நிரப்புகிறார்கள். அது வேண்டாம். உங்கள் பட்டச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருந்தால் இங்கேயும் அப்படியே விரித்து எழுதலாம். இல்லையென்றால் இனிஷியலை மட்டும் கடைசிக் கட்டத்தில் போட்டால் போதும். வேலை உறுதியான பிறகு நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும்போது சான்றிதழில் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு பெயர் என்று இருந்தால் வீண் கேள்விகள் வரும்.

ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள் என்பதால், பக்கத்தின் முகவரியையும் மாற்றிக்கொள்ளுங்கள். தானாக வரும் முகவரியில் பெயருக்குப் பின்னால் எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு வால் இருக்கும். அதை எடுத்துவிட்டு, பெயரோடு துறையைச் சேர்த்து வைத்தால் பயோடேட்டாவில் அச்சிடவும் போனில் சொல்லவும் எளிது.

படத்துக்கு ஸ்டுடியோ தேவையில்லை. காலை வெளிச்சத்தில் மொட்டை மாடியிலோ வாசலிலோ நின்று, முகம் தெளிவாகத் தெரியும்படி ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். கல்யாண வீட்டுப் படத்தில் பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டுப் போடுவது பார்த்ததும் தெரிந்துவிடும். சைட்டில் ஹெல்மெட்டோடு எடுத்த படமும் நன்றாகவே இருக்கும். பின்னணிப் பேனருக்கு நீங்கள் வேலை பார்த்த பாலம், சப்ஸ்டேஷன், ஆலை ஏதாவது ஒன்றின் அகலவாக்குப் படம் போதும், வெளியிட அனுமதி இருந்தால்.

தலைப்பு வரி

பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. தேடல் முடிவில் உங்கள் பெயரோடு வருவது இந்த வரிதான். அதிலும் போனில் முன்பகுதி மட்டும்தான் தெரியும். எனவே முக்கியமான சொற்கள் முன்னால் வர வேண்டும். 'சவால்களைத் தேடும் துடிப்பான இளைஞர்' என்று எழுதினால் அந்தச் சொற்களைப் போட்டு யாரும் ஆள் தேடப்போவதில்லை. தேடுகிறவர் பதவியையும், கருவியையும், தரக் குறியீட்டையும்தான் தட்டச்சு செய்வார்.

சிவில் என்றால்: 'சிவில் சைட் இன்ஜினியர் | பாசன வாய்க்கால், மதகு, தடுப்புச்சுவர் | குவாண்டிட்டி எஸ்டிமேஷன், டோட்டல் ஸ்டேஷன், ஆட்டோகேட்'. திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பெல் நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்து தரும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் இருந்தால்: 'வெல்டிங் குவாலிட்டி இன்ஜினியர் | பாய்லர் பிரஷர் பார்ட்ஸ் | ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9, ஐபிஆர், என்டிடி லெவல் 2'. ஏஎஸ்எம்இ, ஐபிஆர் என்பவை வெல்டிங், பாய்லர் வேலைக்கான தர விதிகள். என்டிடி என்பது பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது. அதன் லெவல் 2 சான்றிதழை, உண்மையிலேயே கையில் இருந்தால் மட்டும் போடுங்கள்.

பக்கத்தை ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும், ஆள் தேடுகிறவர்கள் ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். ஆனால் யோசிப்பது தமிழிலேயே இருக்கட்டும்.

அனுபவப் பகுதிதான் உயிர்

மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாக விட்டாலும் பரவாயில்லை, இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். பெரும்பாலோர் இங்கே வேலையின் பொறுப்புப் பட்டியலை எழுதுகிறார்கள்: 'தினசரி வேலைகளை மேற்பார்வையிடுதல், தரத்தை உறுதிசெய்தல், தொழிலாளர்களை ஒருங்கிணைத்தல்.' உலகத்தில் எந்த சைட் இன்ஜினியருக்கும் இது பொருந்தும். உங்களுக்கு மட்டும் பொருந்தும்படி எழுத வேண்டும்.

மேலே சொன்ன வாய்க்கால் வேலையையே எடுத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம் (அளவுகளை மாதிரிக்குத்தான் போட்டிருக்கிறேன், உங்களுடையதைப் போடுங்கள்): 'வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் 3 கிலோமீட்டர் கிளை வாய்க்காலுக்குக் கான்கிரீட் லைனிங்கும் 4 மதகுகள் புதுப்பிப்பும். ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் இல்லாத கோடை மாதங்களில் மட்டுமே வேலை செய்ய முடியும். ஜூனில் அணை திறக்கும் முன் முடித்தே ஆக வேண்டும். இரண்டு குழுக்களாகப் பிரித்து, இரு முனையிலிருந்தும் வேலை நடத்தி, தண்ணீர் வரும் முன் முடித்தோம். லெவல் எடுப்பதும் அளவுப் பதிவும் என் பொறுப்பு.'

பாருங்கள், இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் காலக்கெடுவுக்குள் முடிக்கத் தெரிந்தவர், திட்டமிடத் தெரிந்தவர், எது தன் வேலை எது குழுவின் வேலை என்று நேர்மையாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் என்பது படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். மெட்ரோ ரயில் கட்டும் நிறுவனத்துக்கும் இந்தத் திறமைதான் வேண்டும். இடம்தான் வேறு.

நவீன அரிசி ஆலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர்கள் பலர், 'சாதாரண மில்தானே' என்று தங்கள் வேலையை எழுதவே கூச்சப்படுகிறார்கள். அந்த ஆலையில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உமியை எரிக்கும் பாய்லர், நெல் அவிக்கும் தொட்டிகள், டிரையர், பக்கெட் எலிவேட்டர், ஷெல்லர், பாலிஷர், கலர் சார்ட்டர், அதை ஓட்டும் கம்ப்ரஸர், இயந்திரங்களைத் தானாக இயக்கும் பிஎல்சி பேனல். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 'டிரையரில் ஈரப்பதக் கட்டுப்பாட்டைச் சரிசெய்து நொய் விழுவதைக் குறைத்தது', 'சீசன் முழுக்க பாய்லர் எதிர்பாராமல் நிற்காதபடி பராமரிப்பு அட்டவணை போட்டது' என்று எழுதினால், உணவுப் பதப்படுத்தும் பெரிய கம்பெனிகளுக்கு நீங்கள் நேரடியாகத் தேவைப்படும் ஆள். உணவுப் பதப்படுத்தும் தொழில்நுட்பத்துக்கென்று தஞ்சாவூரிலேயே மத்திய அரசின் நிஃப்டெம் கல்வி நிறுவனம் இருக்கிறது. இந்தத் துறைக்கு இங்கே மரியாதை இருப்பதை மில்லில் வேலை பார்க்கிறவர்களே மறந்துவிடக் கூடாது.

எலக்ட்ரிக்கல் ஆட்களுக்கு ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, மின்கம்பங்களை மறுபடி நட்டு, லைன் இழுத்து, ஊர் ஊராக மின்சாரம் கொடுத்த வேலையில் நீங்கள் இருந்திருந்தால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். எந்தப் பிரிவில், எத்தனை டிரான்ஸ்ஃபார்மர், எத்தனை நாளில், பாதுகாப்புக்கு என்ன நடைமுறை. பேரிடர் மீட்புப் பணி அனுபவம் மின் துறையில் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நேர்முகத்தில் 'இந்த 15 சதவீதம் எப்படி வந்தது?' என்று கேட்டால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட முடிகிற எண்ணை மட்டும் எழுதுங்கள். எண் இல்லையென்றால் நடந்ததைச் சொன்னால் போதும்.

அதேபோல் கம்பெனி ரகசியம். எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலை, பாய்லர் டிராயிங் போன்றவற்றில் வேலை பார்ப்பவர்கள் டிராயிங், பிராசஸ் அளவுகள், உள்ளே எடுத்த படங்கள் எதையும் போடக் கூடாது. வேலையின் தன்மையைச் சொல்லலாம், ஆவணத்தைக் காட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் மேலதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.

அறிமுகப் பகுதி

இதற்கு 2,600 எழுத்துகள் வரை இடம் இருந்தாலும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் இரண்டு மூன்று வரிகள் மட்டும்தான் திறந்தவுடன் தெரியும், மீதி அழுத்தினால்தான் விரியும். அதனால் முதல் வரியிலேயே என்ன இன்ஜினியர், எதில் கைதேர்ந்தவர் என்று வந்துவிட வேண்டும். பிறகு மனசுக்குப் பிடித்த ஒரு வேலை, பயன்படுத்தத் தெரிந்த கருவிகள், அடுத்து எந்த மாதிரி வேலையைத் தேடுகிறீர்கள். இவ்வளவு போதும்.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. உங்கள் வேலையைப் பற்றித் தெரியாத ஒரு நண்பரிடம் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்டு, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். இலக்கணம் திருத்த ஏஐ கருவியைப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் முழுவதையும் அதையே எழுதச் சொல்லிவிட்டால் எல்லோருடைய பக்கமும் ஒரே குரலில் பேசும். அது அள்ளித் தெளிக்கும் அலங்காரச் சொற்களுக்கு நேர்முகத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

திறன்கள்

நூறு வரை சேர்க்க இடம் தருகிறார்கள். அத்தனையும் வேண்டாம். நீங்கள் விரும்பும் வேலைக்கான பத்துப் பதினைந்து அறிவிப்புகளைத் திறந்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் உண்மையிலேயே தெரிந்ததை அதே எழுத்துக்கூட்டலில் சேருங்கள். எம்எஸ் வேர்டையும் 'கடின உழைப்பை'யும் எடுத்துவிடலாம்.

கடைசி வருஷ மாணவர்களுக்கு

புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டைப் பக்கத்தில் போடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பதில் சின்னதாக ஒன்றைச் சொந்தமாகச் செய்யுங்கள். வீட்டுப் பம்புசெட்டில் ஒரு வாரம் வெவ்வேறு நேரங்களில் வோல்டேஜ் அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருப்பதாக நெல்லைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றைச் செய்து பார்த்து, அதன் அளவு எவ்வளவு தவறுகிறது என்று எழுதுங்கள். சரியாக வரவில்லை என்றாலும் ஏன் வரவில்லை என்று எழுதினால் அதுவே நல்ல புராஜெக்ட். படம், இரண்டு பக்க பிடிஎஃப், புரோகிராம் இருந்தால் கிட்ஹப் இணைப்பு, இவற்றைப் பக்கத்தின் மேலே உள்ள சிறப்புப் பகுதியில் வையுங்கள். இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தால் சான்றிதழ் படத்தோடு நிறுத்தாமல், அங்கே பார்த்த ஒரு இயந்திரத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்.

சாஃப்ட்வேர் பக்கம் போக நினைப்பவர்கள், ஊரை மறைத்துச் சென்னை என்று போட வேண்டியதில்லை. திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐடி பார்க் இருக்கிறது, தஞ்சாவூரில் 2024-இல் நியோ டைடல் பார்க் திறந்திருக்கிறார்கள். இருக்கும் ஊரை உண்மையாகப் போட்டுவிட்டு, போகத் தயாராக உள்ள ஊர்களை வேலை தேடும் அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இடைவெளி விழுந்தவர்களுக்கு

கல்யாணம், குழந்தை, அப்பா அம்மாவின் உடல்நிலை, வயல் வேலை என்று சில வருஷம் வேலையை விட்டவர்கள் அந்தக் காலத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். தேவையில்லை. வேலை இடைவெளி என்று சொல்லியே பதிவு செய்யும் வசதியை லிங்க்ட்இன் 2022-இல் கொண்டுவந்தது. காரணத்தை ஒரு வரியில் சொல்லி, அந்தக் காலத்தில் படித்தது, செய்தது ஏதாவது இருந்தால் சேருங்கள். விவசாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. சொட்டுநீர் அமைத்ததும் பம்ப் மாற்றியதும் இன்ஜினியர் வேலைதான்.

ஆட்களோடு தொடர்பு

உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். டெல்டாவிலிருந்து சிங்கப்பூர், வளைகுடா, சென்னை என்று போன சீனியர்கள் ஏராளம். நம்மூர் என்றால் பதில் சொல்வார்கள். ஆனால் முதல் செய்தியிலேயே 'அண்ணா, ஒரு வேலை வாங்கிக் கொடுங்க' என்று கேட்காதீர்கள். அழைப்போடு அனுப்பும் குறிப்புக்கு இடம் குறைவு, எனவே இப்படி எழுதலாம்: 'வணக்கம் அண்ணா, நானும் நம்ம காலேஜ், 2023 பேட்ச், மெக்கானிக்கல். கும்பகோணத்தில் வேலை பார்க்கிறேன். பைப்பிங் டிசைனுக்கு மாற எந்த சாஃப்ட்வேர் முதலில் படிக்கலாம் என்று சொல்ல முடியுமா?' பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வி. அவர் சொன்னதைச் செய்துவிட்டு, செய்தேன் என்று மறுபடி எழுதுங்கள். அப்புறம் வேலை வாய்ப்பு வரும்போது அவருக்கே உங்கள் ஞாபகம் வரும்.

பரிந்துரை கேட்கும்போது எதைப் பற்றி எழுத வேண்டும் என்று நீங்களே ஞாபகப்படுத்துங்கள்: 'வணக்கம் சார். மன்னார்குடி சப்ஸ்டேஷன் வேலையில் உங்களுக்குக் கீழே இருந்தேன். கேபிள் டெஸ்டிங் நான் பார்த்துக்கொண்டதைப் பற்றி நாலு வரி எழுதித் தந்தால் உதவியாக இருக்கும் சார்.' இரண்டு நல்ல பரிந்துரை போதும்.

வேலை தேடுவதை அறிவிப்பதும், ஏமாறாமல் இருப்பதும்

வேலைக்குத் தயார் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி பச்சை வளையத்தோடு காட்டலாம், அல்லது ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். இப்போது வேலையில் இருப்பவர்கள் இரண்டாவதை எடுங்கள். அப்படியும் உங்கள் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன் உறுதி தருவதில்லை, மனதில் வையுங்கள்.

பக்கம் நன்றாக அமைந்தால் செய்திகள் வரும். மோசடிக்காரர்களும் வருவார்கள். நேர்முகத்துக்கு முன் காசு கேட்டால் அது வேலை இல்லை. பெண்கள் போன் எண்ணையும் பிறந்த தேதியையும் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆண்களும்தான். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் பார்த்த பிறகே பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் அடைத்துவைத்து மோசடி வேலை செய்ய வைத்தது பற்றி 2022-இல் இந்திய அரசே எச்சரித்தது. அதில் குறிவைத்தது நம்மைப் போன்ற படித்த பிள்ளைகளைத்தான். அதிகச் சம்பளம், எளிய நேர்முகம், சுற்றுலா விசா, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வீட்டில் சொல்லுங்கள், போகாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், லிங்க்ட்இன்னிலிருந்து வெளியேறி, வேறொரு பிரவுசரில் உங்கள் பக்க முகவரியைப் போட்டுப் பாருங்கள். வெளியாள் பார்க்கும்போது எது தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பிறகு டெல்டாவைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம், கோயம்புத்தூர் நண்பராக இருந்தாலும் சரி, படிக்கக் கொடுத்து, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியை மட்டும் திருத்தி எழுதுங்கள்.